எதுவானாலும் எக்ஸ்சேஞ்ச்

லாயத்தில் புதிதாகச் சேர்ந்திருக்கும் உங்கள் முன்னால் நின்று நான் பேசியிருக்க வேண்டும். மேடம் அப்படித்தான் கேட்டார். "ரிட்டயர் ஆகிப் போறீங்க, புதுப் பிள்ளைங்களுக்கு நாலு வார்த்தை சொல்லிட்டுப் போங்கண்ணே" என்றார். எழுதித் தருகிறேன் என்று சொல்லித் தப்பித்துக்கொண்டேன். காரணம், உங்களில் ஒருத்தி என் மகள் கயல். அவள் எதிரே உட்கார்ந்திருக்கும்போது குதிரையைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் என் குரல் நான் சொல்வதைக் கேட்காது. முழங்கால் ஏற்கெனவே கேட்பதில்லை. ஐம்பதைத் தாண்டியதும் ஓய்வு வாங்கிக்கொண்டது அதனால்தான்.

போன வாரம் கோரையாற்றுக் கரையில் நடந்ததை உங்களில் சிலர் பார்த்தீர்கள். பக்கத்து வயலில் குறுவை அறுக்க வந்த மெஷின் திடீரென்று உறுமியது. நம் குதிரை மைலேஜ் மிரண்டது. கயலை முதுகில் வைத்துக்கொண்டு கரையோடு பறந்தது. வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு பின்னால் நொண்டி ஓடிய ஆள் நான்தான். "இழு! வாரை இழு!" என்று நான் போட்ட கூச்சல் மதகு வரைக்கும் கேட்டதாம். அவள் இழுக்கவில்லை. ஓடவிட்டாள். அரசமரத்தை நெருங்கியதும் குதிரை தானாகவே வளைந்து திரும்பியது. அதன் கழுத்தைத் தட்டிக்கொடுத்தபடி நிதானமாக வந்து சேர்ந்தாள்.

"ஏம்ப்பா உங்களுக்கு இப்படி மூச்சு வாங்குது? ஓடினது மைலேஜ்தானே?" என்றாள்.

எல்லோரும் சிரித்தீர்கள். நானும் சிரித்தேன். ஆனால் அன்றிலிருந்து நான் டம்ளரைத் தூக்கினால் காபி தளும்புகிறது.

மேடம் என்னிடம் ஒரே ஒரு கேள்விதான் கேட்டிருக்கிறார். தை பிறந்தால் கல்யாண ஊர்வலங்கள் தொடங்கிவிடும். மைலேஜைக் கயல் பொறுப்பில் விடலாமா? "உங்க பொண்ணுங்கறதுக்காக இல்ல, மேனேஜரா சொல்லுங்க" என்றார். இன்னும் நான் பதில் சொல்லவில்லை. என் அக்கா மகன் கனடாவிலிருந்து போனில் கூப்பிடும்போதெல்லாம் கயலையும் அங்கே அனுப்பச் சொல்கிறான். அவனுக்குக் கம்ப்யூட்டர் வேலை. கம்ப்யூட்டர் மிரண்டு ஓடியதாக நான் கேள்விப்பட்டதில்லை.

இப்படிக் குழப்பம் வந்தால் முன்பெல்லாம் ஒருவரிடம் போய்க் கேட்பேன். அவர் போன வருடம் போய்ச் சேர்ந்துவிட்டார். அதனால் அவரைப் பற்றி உங்களுக்கு எழுதிப் பார்க்கிறேன். எழுதி முடிப்பதற்குள் பதில் வந்தாலும் வரலாம்.

இந்தப் பண்ணையை உண்டாக்கியவரை நாங்கள் முதலாளி என்று கூப்பிட்டோம். மேடத்தின் அப்பா. நீடாமங்கலத்தில் அவருடைய அப்பா காலத்திலிருந்தே அவர்களுக்கு அரிசி மில் உண்டு. நான் சொல்வது, சிங்கப்பூர், துபாய் என்று வீட்டுக்கு ஒருவர் கிளம்பிப் போக ஆரம்பித்த காலம். அங்கிருந்து பணம் வந்ததும் முதலில் கூரை ஓடாகும், அடுத்து வாசலில் ஒரு மொபெட் நிற்கும். முதலாளி அதைக் கவனித்தார். மில்லை ஒட்டியே இருசக்கர வண்டி ஷோரூம் ஒன்றைத் திறந்துவிட்டார்.

நான் அங்கே கணக்கு எழுதச் சேர்ந்தேன். என் அப்பா அதே மில்லின் களத்தில் நெல் கிண்டிக் காயவைத்தவர். எங்கள் தெருவிலிருந்து கல்லூரிக்குப் போய் முடித்த முதல் ஆள் நான். முதலாளி ஒருநாளும் என்னைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டதில்லை. "பி.காம்" என்பார். கேலியாகத்தான் தொடங்கியிருக்க வேண்டும். நாளடைவில் ஊரே அப்படிக் கூப்பிட, பெண் பார்க்கப் போன வீட்டில் என் பெயரே அதுதான் என்று நினைத்துக்கொண்டார்கள்.

கம்பெனியிலிருந்து ஒரு விளம்பர வாசகம் வந்தது. பழைய இருசக்கர வாகனத்தைக் கொடுத்துவிட்டுப் புதியதை எடுத்துப் போகலாம் என்று நீட்டி முழக்கியது. எனக்கு அதில் ஓசை போதவில்லை. சிவப்பு பெயின்ட் வாங்கி, முன்பக்கக் கண்ணாடியில் என் கையாலேயே எழுதினேன்: "பழைய வண்டி எதுவானாலும் எக்ஸ்சேஞ்ச்!" ஆச்சரியக்குறிகூடப் போட்டேன்.

ஸ்டேஷன் வாசலில் குதிரை வண்டி ஓட்டிக்கொண்டிருந்த பாய் ஒருவர், அதைப் படித்த நாளிலிருந்து ஷோரூமுக்கு வரப்போக இருந்தார். மினி பஸ்ஸும் ஷேர் ஆட்டோவும் வந்த பிறகு அவர் வண்டியில் ஏற ஆளில்லை. நாகூர்ப் பக்கமிருந்து கருவாடு எடுத்துவந்து ஊர் ஊராக விற்கலாம் என்று அவருக்கு யோசனை. அதற்கு ஒரு மொபெட் வேண்டும்.

"என்ன பாய், தினமும் வந்து தடவிக் குடுத்துட்டுப் போறீங்க? அது குதிரை இல்ல" என்றார் முதலாளி.

"வாங்கறதுக்கு எங்கிட்ட என்னங்க இருக்கு? வாசல்ல நிக்கிறதுதான்."

வாசலில் பழுப்புக் குதிரை ஒன்று வண்டியோடு நின்று, எங்கள் போர்டின் கீழே வளர்ந்திருந்த புல்லைத் தின்றுகொண்டிருந்தது. நான் குறுக்கே புகுந்தேன். "பாய், எக்ஸ்சேஞ்ச்னா ஸ்கூட்டர், மொபெட்டுக்குத்தான்."

"அப்படின்னு எங்க போட்டிருக்கு?" முதலாளி என் பக்கம் திரும்பினார். "கண்ணாடியப் படி, பி.காம்."

படித்தேன்.

"வாசல்ல நிக்கிறது என்ன? பழைய வண்டிதானே? அத எழுதினது யாரு?"

"நான்தாங்க."

"எதுவானாலும்னு எழுதிட்டு இவருக்கு மட்டும் இல்லன்னா, நாளைக்கு நீ தங்கத்துல எழுதினாலும் ஒருத்தனும் நம்ப மாட்டான். பாய், சாவிய வாங்கிக்குங்க. பி.காம், நீ போய் கயித்தப் பிடிச்சுக்க."

இப்படித்தான் நான் குதிரைத் தொழிலுக்கு வந்தேன். எக்ஸ்சேஞ்ச் படிவத்தில் சேசிஸ் நம்பர் கேட்டிருந்தது. "நெற்றியில் வெள்ளைச் சுட்டி" என்று எழுதி அனுப்பினேன். கம்பெனிக்காரர்கள் யாரும் திருப்பி ஒன்றும் கேட்கவில்லை.

குதிரைக்குப் பெயரும் அதுவே ஆயிற்று: எக்ஸ்சேஞ்ச். நம் லாயத்தில் ஆஃபர், டோக்கன், கியர், மைலேஜ் என்று பெயர்கள் இருப்பதைப் பார்த்து நீங்கள் சிரித்திருப்பீர்கள். எல்லாம் அந்த வழி வந்தவைதான். செய்தி பரவி, மன்னார்குடி, திருவாரூர், கும்பகோணம் என்று குதிரை வண்டிகள் வந்து நின்றன. முதலாளியின் மனைவி வாசலைப் பார்த்துத் தலையில் கைவைத்துக்கொண்டார். "வண்டி வித்தா எல்லாருக்கும் லாபம் வரும். இவருக்கு லத்தி வருது."

முதலாளி அசரவில்லை. "அதுங்களத் தெருவ விட்டு வெரட்டினதே நான் வித்த வண்டிதானே? சோறு போட வேண்டாமா?" என்பார். மில்லில் தவிடு கிடந்தது, ஆற்றங்கரையில் நிலம் கிடந்தது. ஆனால் அவர் வியாபாரி என்பதை மறந்துவிடாதீர்கள். லாயம் கட்டி முடிவதற்குள்ளேயே கல்யாணம், கோயில் விழா, கந்தூரி, சினிமா ஷூட்டிங் என்று குதிரைகளுக்கு வேலை பிடித்துவிட்டார். அவரிடம் இரக்கமும் லாபமும் ஒரே தொட்டியில் தின்றன.

முதலாளி கிறிஸ்தவர். குருத்து ஞாயிறு ஊர்வலத்தில் எக்ஸ்சேஞ்சை முன்னால் நடத்திக்கொண்டு போக வேண்டும் என்று அவருக்கு ஆசை. பங்குச் சாமியார் தடுத்தார். "ஆண்டவர் கழுதைமேலதான்யா வந்தார். குதிரைமேல இல்ல."

"எக்ஸ்சேஞ்ச் பண்ணிட்டாருன்னு வச்சுக்குங்களேன், ஃபாதர்."

அன்று எக்ஸ்சேஞ்ச் மாதா கோயில் வாசலிலேயே நின்று குருத்தோலையைத் தின்றது.

இனி நான் சொல்ல வந்த கல்யாணத்துக்கு வருகிறேன்.

மாப்பிள்ளை அன்பு எங்கள் தெருப் பையன். சிங்கப்பூரில் கட்டட வேலை செய்துவிட்டு லீவில் வந்திருந்தான். அவன் அம்மாவுக்கு ஒரே ஆசை: மகன் கடைத்தெரு வழியாகக் குதிரைமேல் போக வேண்டும். அந்தக் கடைத்தெருவில் எங்கள் தெருப் பெரியவர்கள் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு நடந்த காலம் ஒன்று இருந்தது. என் அப்பாவே நடந்திருக்கிறார். அந்த அம்மாளும் நடந்திருப்பார். அவர் அதைச் சொல்லவில்லை. "நல்லாருக்கும்ல?" என்று மட்டும் கேட்டார்.

சென்னையில் இருந்த அன்புவின் தாய்மாமனுக்குப் பிடிக்கவில்லை. "இத்தன நாள் நிம்மதியா இருக்கோம். குதிர ஏறி எவனுக்குப் படம் காட்டப் போறீங்க? கீழ விழுந்தா ஊரே கைகொட்டிச் சிரிக்கும். நான் வரல" என்று போனில் கத்திவிட்டு வைத்துவிட்டார். தாய்மாமன் இல்லாத கல்யாணம் எப்படி இருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். அந்த அம்மாள் அழுதார். ஆனால் குதிரையை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகவே அன்று மாலை கயிற்றைக் கையில் இரண்டு சுற்றுச் சுற்றிக்கொண்டு நடந்தேன். குதிரை ஏதாவது செய்தால் யாரும் குதிரையைப் பார்த்துச் சிரிக்கமாட்டார்கள். எங்கள் தெருவைப் பார்த்துத்தான் சிரிப்பார்கள்.

எல்லாம் நன்றாகத்தான் போனது. பேண்டு செட் முன்னால், பெண்கள் பின்னால், முதலாளி கடைசியில் மொபெட்டில் ஊர்ந்துகொண்டு வந்தார். அன்பு கோட்டு சூட்டில், மூச்சுகூட விடாமல் விறைப்பாக உட்கார்ந்திருந்தான். ரயில்வே கேட்டை நெருங்கினோம். நம் ஊர் கேட் திறந்திருந்தால்தான் அதிசயம்; மூடியிருந்தது. நின்றோம். தூரத்தில் தஞ்சாவூரிலிருந்து வரும் பாசஞ்சர் ஊதியது.

எக்ஸ்சேஞ்சின் காதுகள் நிமிர்ந்தன. அடுத்த நொடி அது திரும்பி, ஸ்டேஷன் சாலையைப் பார்த்து விறுவிறுவென்று கிளம்பிவிட்டது.

கயிற்றை இழுத்தேன். அது என்னை இழுத்தது. "அண்ணே! அண்ணே! இதுக்கு பிரேக் எங்கண்ணே?" என்று அன்பு மேலேயிருந்து அலறினான். பேண்டு செட் பாட்டை நடுவில் நிறுத்திவிட்டது. கடைக்காரர்கள் வாசலுக்கு வந்தார்கள். "மாப்பிள்ள சிங்கப்பூருக்கே திரும்பிப் போறாருடோய்!" என்று ஒரு குரல் வந்தது. கொல்லென்று சிரிப்பு. அன்புவின் அம்மா முகத்தை நான் பார்க்கவில்லை. பார்க்கத் தைரியம் இல்லை. இன்னும் பலமாக இழுத்தேன். குதிரை தலையைச் சிலுப்பியது. அன்பு ஒரு பக்கமாகச் சரிந்தான்.

மொபெட் என் பக்கத்தில் வந்தது. "கயித்த விடு, பி.காம்."

"விழுந்துடுவான்ங்க!"

"நீ இழுத்தாத்தான் விழுவான். அது நடையப் பாரு. மிரண்டா ஓடுது? வேலைக்குப் போகுது."

விட்டேன். உண்மைதான். கயிறு தளர்ந்ததும் குதிரை தலையைத் தாழ்த்தி, ஒரே சீராக நடை போட்டது. அன்பு நிமிர்ந்து உட்கார்ந்துகொண்டான். பல வருடங்கள் ரயில் ஊதினால் முதல் வண்டியாகப் போய் வரிசையில் நிற்பதுதான் அதன் பிழைப்பு. நாங்கள் அதன் நெற்றியில் குஞ்சம் கட்டியதோடு எல்லாம் மாறிவிட்டது என்று நினைத்துவிட்டோம்.

முதலாளி பேண்டுக்காரர்களைப் பார்த்துச் சத்தம் போட்டார். "ஏன்யா நின்னுட்டீங்க? ஊர்வலம் ஸ்டேஷன் வழியாத்தான். வாசிங்க!"

"ஸ்டேஷன்ல என்னங்க இருக்கு?"

"தாய்மாமன அழைக்கப் போறோம்யா!"

வாயில் வந்ததைச் சொன்னார், அவ்வளவுதான். ஆனால் அதைக் கடைத்தெரு முழுக்கக் கேட்கும்படி சொன்னார். பேண்டு முழங்கியது. பெண்கள் திரும்பினார்கள். பெட்ரோமாக்ஸ் விளக்குகள் ஓடிப்போய் முன்னால் சேர்ந்துகொண்டன. சிரித்தவர்கள் வழிவிட்டார்கள். ஓடிப்போன குதிரை ஒரே நிமிடத்தில் ஊர்வலத்தின் தலைவனாகிவிட்டது.

ஸ்டேஷன் வாசலில் வேப்பமரத்தடியில் தன் பழைய இடத்துக்குப் போன எக்ஸ்சேஞ்ச், வண்டி பூட்டியிருப்பது போலவே பின்பக்கத்தை வாசலுக்குக் காட்டித் திரும்பி நின்றுகொண்டது. பிறகு அசையவில்லை. தட்டினோம், கெஞ்சினோம், வாழைப்பழம் காட்டினோம். பழத்தைத் தின்றுவிட்டு நின்றது. ரயில் வந்து ஆட்கள் வெளியே வரத் தொடங்கினார்கள். கூடையோடு வந்த ஒரு பெண்மணி கோட்டு சூட்டைக்கூடக் கவனிக்காமல், "மன்னார்குடி ரோடு போவுமா தம்பி?" என்று அன்புவிடம் கேட்டார்.

அவருக்குப் பின்னால், ஒரு சூட்கேஸும் துணிப்பையுமாக, அன்புவின் தாய்மாமன்.

வரமாட்டேன் என்றவர்தான். "சோறு எறங்கல, கெளம்பிட்டேன்" என்று பிறகு சொன்னார். அப்போது பேண்டையும் விளக்குகளையும் தெரு ஜனத்தையும் குதிரைமேலிருந்த மருமகனையும் மாறி மாறிப் பார்த்தார்.

"என்னக்கா இது?"

அந்த அம்மாள் முதலாளியை ஒரு தடவை பார்த்தார். பிறகு தம்பியின் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒன்ன அழைக்கத்தான்டா வந்திருக்கோம்."

"எனக்கா? குதிரயோடவா?"

"பின்ன? மாமன் இல்லாம கடைத்தெருவுல போறதா?"

அந்த மனிதர் கண்ணைத் துடைத்துக்கொள்ள வேண்டும். இரண்டு கையிலும் சாமான். "இத புடிடா" என்று துணிப்பையை அன்புவிடம் நீட்டினார். அன்பு வாங்கிச் சேணத்தின் முன்னால் வைத்துக்கொண்டான்.

பையின் கனம் முதுகில் பட்டதும் எக்ஸ்சேஞ்ச் ஒரு செருமல் செருமிவிட்டுக் கிளம்பியது. சவாரி ஏறிவிட்டது, இனி நிற்பானேன்? கேட் திறந்திருந்தது. தாய்மாமன் வேட்டி நுனியைக் கையில் பிடித்துக்கொண்டு குதிரைக்கு முன்னால் நடந்தார். கடைத்தெருவில் அவர் நடந்த நடைக்கு அவருக்கே ஒரு குதிரை கொடுத்திருக்கலாம்.

ஊர்வலம் போனதும் முதலாளியைத் தேடினேன். ஸ்டேஷன் குழாயடியில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார். பாதி தண்ணீர் சட்டையில் இருந்தது.

"மாமா வரலன்னா என்ன பண்ணியிருப்பீங்க?"

"ஸ்டேஷன் மாஸ்டருக்கு ஒரு மாலையப் போட்டுட்டுத் திரும்பியிருப்பேன்."

"பயமே இல்லியா உங்களுக்கு?"

கையை நீட்டிக் காட்டினார். விரல்கள் நடுங்கிக்கொண்டிருந்தன. "பயமில்லாமயா? புள்ள விழுந்திருந்தா அந்த அம்மா மொகத்துல நான் முழிக்க முடியுமா? ஆனா பயம் எனக்குத்தானே, பி.காம்? அதக் கயித்துல கட்டிக் குதிரைய இழுக்கலாமா?"

மறுநாள் கருவாட்டு பாயைக் கூப்பிட்டு, "இது வேற என்னென்ன செய்யும்?" என்று கேட்டார். ஆஸ்பத்திரி வாசலில் நிற்கும், டீக்கடையில் வடை கேட்கும் என்றார் பாய். "இத அன்னிக்கே சொல்லக் கூடாதா?" "நீங்க எங்கங்க கேட்டீங்க? படிவத்துல நம்பரத்தானே கேட்டீங்க?" என்றார். அன்றைக்கு வந்த வழக்கத்தைத்தான் விதியாக எழுதி லாயச் சுவரில் ஒட்டினேன்; சேர்ந்த முதல் நாளே நீங்கள் படித்திருப்பீர்கள்: எந்தக் குதிரை வந்தாலும், கொடுத்தவரோடு ஒருநாள் முழுக்க அதன் பழைய பாதையில் நடக்க வேண்டும். பழைய வேலை என்ன என்று கேட்க வேண்டும். வண்டிக் குதிரைகளைப் பை ஏறினால் கிளம்பப் பழக்குவதும் அப்போது தொடங்கியதுதான். எக்ஸ்சேஞ்சை மாற்ற முடியாது என்று தெரிந்ததும், மற்றவற்றையும் அதன் வழிக்கே பழக்கிவிட்டார் முதலாளி.

மைலேஜ் வந்தபோது கயல் அதைச் செய்திருக்கிறாள். புதுக்கோட்டைப் பக்கம் போய், அதை வண்டிப் பந்தயத்துக்கு ஓட்டியவரோடு ஒருநாள் சுற்றியிருக்கிறாள். ஒரு மரத்தை எல்லையாக வைத்து, அதைத் தொட்டுத் திரும்பிவர அவர் பழக்கியிருக்கிறார். "இழுத்தா போட்டிக்கு இழுக்கும்ப்பா. விட்டா மரத்துல திரும்பும். நீங்க எழுதி ஒட்டின விதிதானே?" என்றாள், மைலேஜ் ஓடிய அன்று ராத்திரி சாப்பாட்டின்போது. நான் எழுதி ஒட்டுகிற எதுவும் கடைசியில் என்மேலேயே வந்து விடிகிறது.

அவள் செய்தது சரி. அது எனக்கு அன்றைக்கே தெரியும். சரி என்று தெரிந்த பிறகும் கை நடுங்குகிறது. இரண்டும் ஒரே ஆளிடம் இருக்கலாம் போலிருக்கிறது. குழாயடியில் நின்ற அந்த மனிதரிடமும் இருந்தது.

இவ்வளவையும் எழுதிவிட்டு நேற்று நிறுத்தியிருந்தேன். இன்று காலை என் சாமான்களை எடுத்துக்கொள்ள லாயத்துக்கு வந்தேன். பிளாஸ்க், பழைய கண்ணாடி, ஒரு ஜோடி செருப்பு, எல்லாம் ஒரு மஞ்சள் பையில். வாசலில் கயல் மைலேஜை வண்டியில் பூட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஸ்டேஷன் வரைக்கும் ஒரு ரவுண்டுப்பா. வண்டியில வர்றீங்களா, இல்ல அன்னிக்கு மாதிரி பின்னாலயே ஓடி வர்றீங்களா?"

மேடம் வராந்தாவிலிருந்து எட்டிப் பார்த்தார். "அண்ணே, நான் கேட்டதுக்கு இன்னும் ஒண்ணும் சொல்லலியே?"

நான் மைலேஜைப் பார்த்தேன். அதன் காது என் பக்கம் திரும்பியது. மஞ்சள் பையைத் தூக்கி வண்டியில் வைத்தேன்.

நான் ஏறும்வரை அது காத்திருக்கவில்லை. பை ஏறினால் கிளம்ப அதைப் பழக்கியதே நான்தான், என்ன சொல்வது? மறுபடியும் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வண்டிக்குப் பின்னால் நொண்டி ஓடினேன். நீங்கள் எல்லோரும் பார்த்துச் சிரித்திருப்பீர்கள். ஆனால் கவனித்தீர்களோ என்னவோ, இந்தத் தடவை நான் கத்தவில்லை.